ஏற்றுமதி அனுமதிகளும் சுங்க விதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் முறை வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பப்போகும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறோம். பதிவு எண்ணுக்கு என்ன பெயர், எந்தத் தளத்தில் விண்ணப்பிப்பது, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். சரக்கு துறைமுகத்தில் நின்றுபோவதற்கான காரணம் மட்டும் எங்கு போனாலும் பெரும்பாலும் ஒன்றே: இன்வாய்ஸ் ஒன்று சொல்லும், பேக்கிங் லிஸ்ட் வேறொன்று சொல்லும், பெட்டிக்குள் இருப்பது இரண்டோடும் ஒத்துப்போகாது.

ஏற்றுமதி செய்ய லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலான பொருள்களுக்கு வேண்டாம். மூன்று தனித்தனி விஷயங்களை எல்லோரும் ‘லைசென்ஸ்’ என்றே சொல்வதால்தான் இந்தக் குழப்பம். முதலாவது, ஏற்றுமதியாளர் என்று நிறுவனத்தைப் பதிவு செய்து எண் வாங்குவது. கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் இது கட்டாயம்; ஒருமுறை செய்தால் போதும், சில இடங்களில் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது, குறிப்பிட்ட பொருளுக்கான அனுமதி. ரசாயனம், அரிய மரம், ராணுவப் பயன்பாடு உள்ள கருவி போன்றவற்றுக்குத்தான் இது. மூன்றாவது, ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி அறிவிப்பு. இதற்கு விலக்கு அபூர்வம்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: போய்ச் சேரும் நாட்டின் இறக்குமதி அனுமதி. உங்கள் ஊர்ச் சுங்கம் சரக்கை வெளியே விட்டதால் அந்த ஊர்ச் சுங்கம் உள்ளே விட்டுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

என் பொருளுக்குத் தனி அனுமதி தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பொருளின் எச்.எஸ். கோடை (சுங்கத்துக்கான உலகப் பொது வகைப்பாட்டு எண்) கண்டுபிடியுங்கள். அந்தக் கோடை வைத்து உங்கள் நாட்டின் ஏற்றுமதிக் கொள்கைப் பட்டியலில் தடை, கட்டுப்பாடு, ஒதுக்கீடு எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தக் கோடின் முதல் ஆறு இலக்கத்தை வாங்குபவரிடம் கொடுத்து, அவருடைய சுங்க முகவரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கித் தரச் சொல்லுங்கள்: வரி எவ்வளவு, இறக்குமதி அனுமதி தேவையா, எந்தெந்தச் சான்றிதழ் சரக்கோடு வர வேண்டும்? வாய்ப்பேச்சில் ‘அதெல்லாம் ஒன்றும் வேண்டாம்’ என்று சொன்னவர், சரக்கு மாட்டிக்கொண்ட பிறகு அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்பார்.

உணவு, விதை, செடி, விலங்குப் பொருள், மரம், மருந்து, அழகுசாதனம், ரசாயனம், பேட்டரி, தொன்மைப் பொருள், டிரோன், லேசர், குறியாக்க மென்பொருள் ஆகியவற்றில் எது உங்கள் சரக்கில் இருந்தாலும் ‘அனுமதி வேண்டியிருக்கும்’ என்று வைத்துக்கொண்டே விசாரியுங்கள்.

எச்.எஸ். கோடு என்பது என்ன? அதை யார் முடிவு செய்வது?

உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் பொருள் வகைப்பாடு அது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 97 அத்தியாயங்கள், அவற்றில் 77-ஆவது எதிர்காலத்துக்கென்று காலியாக விடப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு சேர்ந்தால் தலைப்பு, ஆறு சேர்ந்தால் துணைத்தலைப்பு. இந்த ஆறு இலக்கம் வரை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது. அதற்குப் பின் வரும் இலக்கங்களை அந்தந்த நாடு சொந்தமாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் எட்டு இலக்கக் கோடும் வாங்குபவரின் பத்து இலக்கக் கோடும் கடைசியில் வேறுபட்டால் கவலைப்பட வேண்டாம். முதல் ஆறில் வேறுபட்டால் உட்கார்ந்து பேச வேண்டும்.

கோடைத் தேர்ந்தெடுத்து அறிவிக்கும் பொறுப்பு ஏற்றுமதியாளருடையது. முகவர் தட்டச்சு செய்தாலும் தவறுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

தேடும்போது பொருளின் கடைப்பெயரை நம்பாதீர்கள். சட்டை என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். துணி பின்னலா நெசவா என்பதுதான் முதல் கேள்வி. பின்னல் ஆடை 61-ஆவது அத்தியாயம், நெசவு ஆடை 62. பருத்தியில் பின்னிய டி-ஷர்ட் 6109.10. அதே டி-ஷர்ட்டில் 55 சதம் பாலியஸ்டர், 45 சதம் பருத்தி என்றால் எடையில் கூடுதலான இழையைப் பார்த்து 6109.90-க்குப் போய்விடும். சரக்குப் பொதியும் பருத்திச் சாக்குப்பை 6305. தோளில் மாட்டிக் கடைக்குக் கொண்டுபோகும் பை 4202. பயன்பாடு மாறினால் தலைப்பு மாறுகிறது, வரியும் மாறுகிறது.

வகைப்பாட்டுக்கு ஆறு பொது விதிகள் உண்டு. தலைப்பின் சொற்களையும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளையும் பார்த்து முடிவுக்கு வருவதுதான் முதல் விதி. நடைமுறையில் பெரும்பாலான பொருள்கள் அங்கேயே தீர்ந்துவிடும். அத்தியாயத்தின் தொடக்கத்தில் ‘இந்த அத்தியாயத்தில் இவை சேரா’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதைப் படிக்காமல் நேராக அட்டவணைக்குத் தாவுவதால் வரும் தவறுகளே அதிகம். பிரித்த நிலையில் அனுப்பும் மேசை, நாற்காலிகளை முழுப் பொருளாகவே வகைப்படுத்த வேண்டும் என்பது விதி 2-இல் இருக்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் தனிக் கோடு போடாதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால், எந்தக் கோடு என்று சுங்கமே முன்னதாக எழுதித் தரும் முன்கூட்டிய தீர்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் ஒப்பந்தம் (2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில்) இந்த வசதியை உறுப்பு நாடுகளுக்குக் கடமையாக்கியிருக்கிறது. இறக்குமதி நாட்டில் வாங்குபவர் பெயரில் வாங்கிவைத்தால் இன்னும் நல்லது. வரி கட்டப்போவது அங்கேதான். இன்னொன்று: இந்த வகைப்பாடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும். இப்போது புழக்கத்தில் இருப்பது 2022 பதிப்பு, அடுத்தது 2028-இல். பழைய இன்வாய்ஸிலிருந்து கோடை அப்படியே எடுத்துப் போடும் பழக்கம் அந்த ஆண்டு காலை வாரும்.

வரி குறையும் என்று வேறு கோடோ குறைந்த விலையோ போடச் சொல்கிறார் வாங்குபவர். செய்யலாமா?

கூடாது. பெரும்பாலான நாடுகளில் சுங்க மதிப்பு, உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய விலையின் மேல்தான் கணக்காகிறது. அந்த விலையை அதிகாரி நம்பாவிட்டால் ஒரே மாதிரிப் பொருளின் விலை, ஒத்த பொருளின் விலை என்று வரிசையாக மாற்று முறைகள் இருக்கின்றன, முதல் முறையோடு சேர்த்து மொத்தம் ஆறு. இன்வாய்ஸில் 5,000, வங்கிக்கு வந்தது 8,000 என்றால் உங்கள் பக்கத்தில் அந்நியச் செலாவணிக் கணக்கு இடிக்கும், காப்பீட்டு இழப்பீடு 5,000-ஐ வைத்தே கணக்காகும், அங்கே அபராதம் விழும். வாங்குபவர் மிச்சப்படுத்தும் வரிக்கு நீங்கள் ஏன் ஜாமீன் நிற்க வேண்டும்?

இன்வாய்ஸில் என்னென்ன இருக்க வேண்டும்?

விற்பவர், வாங்குபவர், சரக்கைப் பெறுபவர் மூவரின் முழுப் பெயரும் முகவரியும். இன்வாய்ஸ் எண், தேதி. பொருள் விவரம், எச்.எஸ். கோடு, பொருள் உருவான நாடு. எண்ணிக்கை, அலகு, அலகு விலை, மொத்தம், நாணயம். இன்கோடெர்ம்ஸ் விதியும் (செலவையும் ஆபத்தையும் விற்பவர், வாங்குபவர் இடையே பிரிக்கும் சர்வதேச விதி) அதன் இடமும். பணம் செலுத்தும் முறை. சரக்குக் கட்டணமும் காப்பீடும் விலைக்குள் இருந்தால் அவற்றைத் தனி வரியாகப் பிரித்துக் காட்டுங்கள். சில நாடுகள் அவற்றையும் சேர்த்து வரி போடுகின்றன, சில விலக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் முதல் வகை, அமெரிக்கா இரண்டாவது.

மாட்டிக்கொள்ளும் இடம் பொருள் விவரம். ‘ஆடைகள் – 1,200’ என்று எழுதினால் எந்த அதிகாரியும் பெட்டியைத் திறக்கச் சொல்வார். இப்படி எழுதுங்கள்: ‘ஆண்களுக்கான அரைக்கை டி-ஷர்ட், பின்னல், 100% பருத்தி, எச்.எஸ். 6109.10, 1,200 எண்ணம், ஒன்று 4.25 டாலர், மொத்தம் 5,100.00 டாலர்.’ துணி வகை, இழை, யாருக்கு, எத்தனை என எல்லாமே அந்த ஒரே வரியில் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னறிவிப்பு முறை ஆறு இலக்கக் கோடையும் தெளிவான விவரத்தையும் கேட்கிறது. ‘உதிரிபாகம்’, ‘மாதிரி’, ‘பரிசுப்பொருள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் திருப்பி அனுப்பிவிடும். கடல்வழிக் கன்டெய்னர் என்றால் இந்தத் தகவல் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவுக்கும் அதே 24 மணி நேரக் கணக்குதான்.

பேக்கிங் லிஸ்டில் விலை தேவையில்லை. பெட்டி வாரியாக உள்ளே என்ன, நிகர எடை, மொத்த எடை, அளவு, பெட்டி மேல் போட்ட அடையாளக் குறி ஆகியவை போதும். பெட்டி எண் 14-இல் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டால் தாளைப் பார்த்து உடனே சொல்ல முடிய வேண்டும். அதிகாரி சோதனைக்குக் கேட்ட இரண்டு பெட்டி எவை என்று தெரியாமல் முழுக் கன்டெய்னரையும் இறக்கினால் கூலி, நேரம், பொதி மூன்றும் உங்கள் கணக்கில்.

இலவச மாதிரிக்கு இன்வாய்ஸில் பூஜ்யம் போடலாமா?

வேண்டாம். பணம் கைமாறாவிட்டாலும் பொருளுக்கு மதிப்பு உண்டு. உண்மையான மதிப்பைப் போட்டு, ‘விற்பனைக்கல்ல, சுங்கத் தேவைக்கான மதிப்பு மட்டும்’ என்று குறிப்பிடுங்கள். துணி மாதிரி என்றால் குறுக்கே வெட்டுவது, ‘மாதிரி’ என்று அழியா மையில் முத்திரை குத்துவது போன்றவற்றால் விற்க முடியாதபடி செய்துவிட்டால் பல நாடுகள் வரி கேட்பதில்லை.

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்., இ.எக்ஸ்.டபிள்யூ.: எதைத் தேர்ந்தெடுப்பது?

சர்வதேச வணிக சபை வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் 2020-இல் 11 விதிகள் உள்ளன. செலவு யாருடையது, ஆபத்து எந்த இடத்தில் கைமாறுகிறது, சுங்க வேலையை யார் செய்வது என்று மூன்றுக்கு மட்டுமே அவை பதில் சொல்லும். உரிமை எப்போது மாறும், பணம் எப்போது வரும் என்பதை ஒப்பந்தத்தில் நீங்கள் தனியாக எழுத வேண்டும்.

இ.எக்ஸ்.டபிள்யூ. பார்க்கச் சுலபம்: ‘என் கிடங்கு வாசலில் வந்து எடுத்துக்கொள்’. ஆனால் அதன்படி ஏற்றுமதிச் சுங்க வேலை வாங்குபவருடையது. உள்நாட்டில் பதிவில்லாத வெளிநாட்டுக்காரர் பெயரில் ஏற்றுமதி அறிவிப்பு தாக்கல் செய்யப் பல நாடுகள் விடுவதில்லை. கடைசியில் நீங்களே செய்வீர்கள். அல்லது அவருடைய ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் முகவர்) செய்துவிட்டு, ஏற்றுமதிக்கான ஆதாரத்தை உங்களுக்குத் தராமல் போய்விடுவார். உள்நாட்டு வரியைத் திரும்பப் பெற அந்த ஆதாரம் இல்லாமல் வழியில்லை. இதற்கு எஃப்.சி.ஏ. மேல்: ஏற்றுமதிச் சுங்க வேலையை நீங்களே முடித்து, வாங்குபவர் சொன்ன போக்குவரத்து நிறுவனத்திடம் குறித்த இடத்தில் ஒப்படைப்பது அது.

கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. போடுவது பழக்கதோஷம். அந்த விதி கப்பலுக்கும் உள்நாட்டு நீர்வழிக்கும் மட்டுமானது. அதன்படி ஆபத்து, சரக்கு கப்பலில் ஏறிய பிறகே வாங்குபவருக்குப் போகிறது. நீங்களோ கன்டெய்னரைச் சில நாள் முன்பே யார்டில் ஒப்படைத்துவிடுகிறீர்கள். இடைப்பட்ட நாட்களில் கிரேன் தவறவிட்டாலும், மழைத்தண்ணீர் புகுந்தாலும் நஷ்டம் உங்களுடையது, அந்த இடத்தில் உங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாதபோதும். எஃப்.சி.ஏ. போட்டால் ஒப்படைத்த இடத்தோடு பொறுப்பு முடிந்தது. எல்.சி.க்கு (லெட்டர் ஆஃப் கிரெடிட்: தாள்களைக் காட்டினால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) ‘கப்பலில் ஏற்றியாயிற்று’ என்று குறித்த பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) வேண்டுமே என்பவர்களுக்கு, எஃப்.சி.ஏ.வின் 2020 பதிப்பிலேயே அதற்கான ஏற்பாட்டைச் சேர்த்துவிட்டார்கள்.

சி.ஐ.எஃப்.பில் (கப்பல் கட்டணமும் காப்பீடும் விலைக்குள் அடங்கும் விதி) விற்பவர் எடுக்க வேண்டிய காப்பீடு, ஒப்பந்த மதிப்பில் 110 சதத்துக்கு, குறைந்தபட்ச ‘சி’ வகை. தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்றவை அதில் அடங்கும், திருட்டு அடங்காது. எளிதில் களவு போகும் பொருளுக்கு ‘ஏ’ வகையை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் போக்குவரத்துக்கும் பொருந்தும் அதே போன்ற விதியான சி.ஐ.பி.யில் 2020 பதிப்பு ‘ஏ’ வகையையே கேட்கிறது.

இறக்குமதி வரியையும் நீங்களே கட்டிச் சேர்க்கும் டி.டி.பி.யை முதல் ஆண்டில் தொடாதீர்கள். அந்த நாட்டில் இறக்குமதியாளர் நீங்களே என்று ஆகிவிடும். அங்கே வரிப் பதிவு இல்லாவிட்டால் கட்டிய மதிப்புக்கூட்டு வரி திரும்பாது. வாங்குபவர் வீட்டுவாசல் வரை கேட்டால் டி.ஏ.பி. போதும், இறக்குமதி வரி அவர் பாடு.

எந்த விதியானாலும் பக்கத்தில் இடத்தையும் பதிப்பு ஆண்டையும் எழுத வேண்டும். வெறும் ‘சி.ஐ.எஃப்.’ என்று எழுதினால் எந்தத் துறைமுகம் வரை என்ற சண்டை பின்னால் வரும்.

தோற்றச் சான்றிதழ் எல்லாச் சரக்குக்கும் தேவையா?

வாங்குபவரோ, அவர் நாட்டுச் சுங்கமோ, எல்.சி.யோ கேட்டால் தேவை. இதில் இரண்டு வகை. வணிக சபை தரும் சாதாரணச் சான்றிதழ், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று மட்டும் சொல்கிறது. சலுகைச் சான்றிதழ் இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி வரியைக் குறைக்கும். அதற்கு அந்த ஒப்பந்தத்தின் விதி நிறைவேற வேண்டும். வரிச்சலுகை உள்ள ஒப்பந்தம் இருந்தும் சாதாரணச் சான்றிதழை அனுப்பிவிட்டு, வாங்குபவர் முழு வரியும் கட்டிய பிறகு விழிக்கும் நிறுவனங்கள் நிறைய.

விதிகள் பொதுவாக மூன்று விதமாக இருக்கும்: முழுக்க அந்த நாட்டிலேயே விளைந்தது; வெளிநாட்டு மூலப்பொருளின் கோடும் முடிவுப் பொருளின் கோடும் வேறுபட்டிருப்பது; உள்நாட்டில் சேர்ந்த மதிப்பு குறிப்பிட்ட சதத்துக்கு மேல் இருப்பது. வெறுமனே பொட்டலம் கட்டுவதும், லேபிள் ஒட்டுவதும், தரம் பிரிப்பதும் கணக்கில் வரா. ஆடைத் தொழிலில் கவனம் தேவை. வெளிநாட்டுத் துணியை வெட்டித் தைத்த சட்டைக்கு உங்கள் நாட்டின் பெயரை லேபிளில் போட முடிந்தாலும், நூலிலிருந்தே உள்நாட்டில் தொடங்கியிருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்டால் சலுகை கிடைக்காது.

சரக்கு நேராகப் போக வேண்டும் என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் உண்டு. வழியில் கப்பல் மாறினால், இடையில் சரக்கைத் தொடவில்லை என்று காட்ட முழுப் பயணத்துக்குமான பில் ஆஃப் லேடிங்கை எடுத்து வையுங்கள்.

மரப்பெட்டி, மரப் பேலட்டுக்கு என்ன விதி?

ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேசத் தாவர நலத் தரம். பச்சை மரத்தில் ஒளிந்து வரும் பூச்சிகளைத் தடுக்க 2002-இல் வந்த விதி. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடேறி, தொடர்ந்து 30 நிமிடமாவது நிற்க வேண்டும். அதற்குரிய முத்திரையைத்தான் அதிகாரி தேடுவார்: சட்டத்துக்குள் கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் இரண்டெழுத்து நாட்டுக் குறி, சிகிச்சை செய்த நிறுவனத்தின் எண், பிறகு சிகிச்சை வகை, சூடேற்றியதற்கு ‘எச்.டி.’, மெதில் புரோமைடுப் புகைக்கு ‘எம்.பி.’. குறைந்தது எதிரெதிர் இரண்டு பக்கத்திலாவது தெரியும்படி இருப்பது நல்லது. சிவப்பு, ஆரஞ்சு மை வேண்டாம். அவை ஆபத்துச் சரக்கின் நிறங்கள்.

பிளைவுட், துகள்பலகை, 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய பலகை ஆகியவற்றுக்கு இந்த விதி இல்லை. மாட்டிக்கொள்வது எங்கே தெரியுமா? நல்ல பேலட்டெல்லாம் முத்திரையோடு இருக்கும். கன்டெய்னருக்குள் சரக்கு நகராமல் இருக்கக் கடைசி நேரத்தில் யாரோ செருகிய இரண்டு கட்டைத்துண்டில் முத்திரை இருக்காது. அதற்காக முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பவோ, அங்கேயே புகைமூட்டவோ சொல்வார்கள். முத்திரையுள்ள பேலட்டில் உடைந்த பலகையை மாற்றினால், புதிதாகப் போடும் பலகையும் சிகிச்சை செய்து முத்திரையிட்டதாக இருக்க வேண்டும்.

உணவு, விதை, செடி அனுப்ப என்ன வேண்டும்?

தாவரப் பொருளுக்குத் தாவர நலச் சான்றிதழ். உங்கள் நாட்டின் அதிகாரபூர்வ தாவரப் பாதுகாப்பு அமைப்பு சரக்கைச் சோதித்த பிறகு தருவது அது. வணிகப் பெயரோடு தாவரவியல் பெயரும் எழுதியிருக்க வேண்டும். சரக்கு கிளம்பிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கிளம்புமுன் சோதிப்பதுதான் அதன் பொருளே. விதைக்கும் செடிக்கும் முன்னதாகவே இறக்குமதி அனுமதி கேட்கும் நாடுகள் அதிகம். அந்த அனுமதியில் கேட்ட கூடுதல் அறிவிப்பு வாசகம் சான்றிதழில் சொல்லுக்குச் சொல் அப்படியே வர வேண்டும்.

பதப்படுத்திய உணவுக்கு நாட்டுக்கு நாடு தனிப் பதிவு. எடுத்துக்காட்டாக அமெரிக்காவுக்கு அனுப்ப, தயாரிக்கும் இடத்தை அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகத்தில் பதிய வேண்டும். பதிவை ஒவ்வோர் இரட்டைப்படை ஆண்டிலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும். சரக்கு சேருமுன் முன்னறிவிப்பும் தர வேண்டும்: கடல்வழி என்றால் 8 மணி நேரம், வான்வழி 4, சாலைவழி 2. பூச்சிமருந்து எச்சத்தின் அளவை உங்கள் நாட்டு வரம்பில் பார்த்துவிட்டு அனுப்பினால் போதாது, போகும் நாட்டின் வரம்பில் பார்க்க வேண்டும்.

பேட்டரி, வாசனைத் திரவியம், பெயின்ட் சாதாரணச் சரக்கா?

இல்லை, ஆபத்துச் சரக்கு. தயாரிப்பாளரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு 14-ஆவது பகுதியைத் திறங்கள்; ஐ.நா. எண் (‘யு.என்.’ என்று எழுதுவது), ஆபத்து வகுப்பு, பொதிக் குழு மூன்றும் அங்கே இருக்கும். வாசனைத் திரவியம் யு.என். 1266, எரியும் திரவம், வகுப்பு 3.

தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரி யு.என். 3480; கருவிக்குள்ளோ கருவியோடோ போவது யு.என். 3481. முதலாவதைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் தடை. சரக்கு விமானத்திலும் 30 சதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. லித்தியம் பேட்டரிக்கான பாதுகாப்புச் சோதனையான யு.என். 38.3-இன் சோதனைச் சுருக்கத்தைக் கையில் வைத்திருங்கள். உள்ளே பேட்டரி இருப்பதைச் சொல்லாமல் ‘பொம்மை’ என்று எழுதி அனுப்புவது சுங்கத் தவறோடு நிற்காது. நடுவானில் தீப்பிடிக்கும் விஷயம்.

நான் விற்பது சாதாரண எந்திரம்தான். ராணுவக் கட்டுப்பாடு எனக்கெதற்கு?

சிவில், ராணுவம் இரண்டுக்கும் பயன்படும் பொருள்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. 1996-இல் தொடங்கிய வாசனார் ஏற்பாடு, அணுசக்தி வழங்குநர் குழு, ஆஸ்திரேலியா குழு போன்றவற்றின் பட்டியல்களைத்தான் நாடுகள் தத்தம் சட்டமாக்குகின்றன. துல்லியமான சி.என்.சி. எந்திரம், வெப்பப் படக் கேமரா, அரிப்பைத் தாங்கும் வால்வு, சில ரசாயனங்கள் இவற்றில் வரும். எச்.எஸ். கோடை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. துல்லியம், வெப்பநிலை, அழுத்தம் என்று தொழில்நுட்ப அளவைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் பல சட்டங்களில் ஏற்றுமதியே.

பட்டியலில் இல்லாத பொருளுக்கும், அதை ஆயுதத் தயாரிப்புக்குப் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்தாலோ சந்தேகம் இருந்தாலோ அனுமதி தேவைப்படலாம். வாங்குபவர், சரக்கைப் பெறுபவர், வங்கி, கப்பல் அனைத்தையும் தடைப் பட்டியல்களில் தேடிப் பார்த்து, தேடிய தேதியோடு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பொருளை நிறுவித்தர வேண்டாம், பயிற்சி வேண்டாம், முழுப் பணமும் ரொக்கமாகத் தருகிறேன் என்று சொல்பவரிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

மரக் கைவினைப் பொருள்களுக்கு அனுமதி வேண்டுமா?

எந்த மரம் என்பதைப் பொறுத்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை (1975 முதல் நடைமுறையில்) மூன்று பட்டியல்கள் வைத்திருக்கிறது. ஈட்டி, நூக்கு அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து பட்டியல்களில் இருக்கிறது. இரண்டாம் பட்டியலில் உள்ள டால்பெர்ஜியா இனங்களில் செய்து முடித்த பொருளாக, ஒரு சரக்குக்கு அந்த மரம் 10 கிலோ வரை இருந்தால் விலக்கு. பெட்டியோடு சேர்த்த எடையைப் பார்க்க வேண்டாம். அந்த இனத்து மரத்தின் எடை மட்டும். அனுமதிச் சீட்டு ஆறு மாதம் செல்லும், மூலப்பிரதி சரக்கோடு போக வேண்டும். கப்பல் கிளம்பிய பிறகு தந்த சீட்டை அங்கே ஏற்பது அபூர்வம்.

கன்டெய்னர் எடையை நான் ஏன் சொல்ல வேண்டும்?

2016 ஜூலை 1 முதல் சோலாஸ் (கடல் பயணப் பாதுகாப்பு உடன்படிக்கை) விதிப்படி சரிபார்த்த மொத்த எடை இல்லாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். நிரப்பிய கன்டெய்னரை அப்படியே எடைமேடையில் நிறுத்தலாம். அல்லது உள்ளே போகும் ஒவ்வொன்றையும் எடைபோட்டுக் கூட்டலாம்: 640 பெட்டி × 18.4 கிலோ = 11,776; 20 பேலட் × 22 கிலோ = 440; கட்டுப் பட்டை, முட்டுக்கட்டை 35; கன்டெய்னரின் சொந்த எடை (கதவில் எழுதியிருக்கும்) 3,780. மொத்தம் 16,031 கிலோ. பலர் பேலட்டையும் பட்டையையும் விட்டுவிட்டு, பில் ஆஃப் லேடிங்கில் உள்ள சரக்கு எடையோடு கன்டெய்னர் எடையைக் கூட்டி அனுப்பிவிடுகிறார்கள். யார்டில் எடைபோட்டு வித்தியாசம் தெரிந்தால் அந்தக் கப்பல் போய்விடும்.

எல்.சி. இருந்தால் பணம் நிச்சயம் என்கிறார்களே?

தாள்கள் சரியாக இருந்தால் நிச்சயம். வங்கி சரக்கைப் பார்க்காது, தாளைத்தான் பார்க்கும். எல்.சி.களுக்கான யு.சி.பி. 600 விதிப்படி அதற்கு ஐந்து வங்கி வேலைநாள் அவகாசம். நீங்கள் கப்பலேற்றிய 21 நாளுக்குள், எல்.சி. காலாவதியாகுமுன் தாள்களைக் கொடுக்க வேண்டும், எல்.சி.யில் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே கணக்கு. எல்.சி.யில் ‘நீலக் கோடு போட்ட துண்டு’ என்றிருந்து இன்வாய்ஸில் ‘கோடு போட்ட துண்டு’ என்று வந்தால் வங்கி முரண்பாடு எழுதிவிடும். வாங்குபவர் அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பேரம் பேசுவார். எல்.சி. வந்த அன்றே வரிவரியாகப் படித்து, நிறைவேற்ற முடியாத நிபந்தனை இருந்தால் உற்பத்தி தொடங்குமுன் திருத்தச் சொல்லுங்கள்.

பில் ஆஃப் லேடிங் சரக்கின் உரிமைத் தாள். மூலப்பிரதி வைத்திருப்பவரே சரக்கை எடுக்கலாம். விமானச் சரக்குக்கான ஏர்வே பில் அப்படியில்லை, பெயர் போட்டவர் அடையாளம் காட்டி எடுத்துச் சென்றுவிடுவார். விமானத்தில் அனுப்பி, பணம் பிறகு என்றால் சரக்கு உங்கள் கைவிட்டுப் போனது போனதுதான்.

தபாலில் சிறு பார்சல் அனுப்பினாலும் சுங்கம் உண்டா?

உண்டு. கடித வகைப் பார்சலில் 300 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) மதிப்பு வரை சி.என். 22 படிவம், அதற்கு மேல் சி.என். 23. கையால் கிறுக்கிய படிவம் மட்டும் போதாது, தகவல் மின்னணு வடிவில் பார்சலுக்கு முன்பே போக வேண்டும். விற்பனைப் பொருளுக்குப் ‘பரிசு’ கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள். உள்ளே பில் இருந்தால் அங்கேயே பிடிபடும்.

கண்காட்சிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். பழுதுபார்க்கவும் அனுப்ப வேண்டும். வரி?

கண்காட்சிப் பொருள், வணிக மாதிரி, தொழில் கருவிக்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற தற்காலிகச் சுங்க அனுமதிப் புத்தகம். 1961 உடன்படிக்கையில் பிறந்த இந்தப் புத்தகம் ஓராண்டு வரை செல்லும்; உறுப்பு நாடுகளில் வரி கட்டாமல் போய் வரலாம். தின்று தீர்க்கும், கொடுத்துத் தீர்க்கும் பொருள்களுக்கு இது கிடையாது. விருந்தினருக்குக் கொடுக்கும் இனிப்பைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒவ்வோர் எல்லையிலும் முத்திரை வாங்குங்கள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு முத்திரை வாங்காமல் விமானம் ஏறியவருக்கு, பொருள் திரும்பியதற்குச் சான்றில்லை என்று மாதங்கள் கழித்து வரி கேட்டு நோட்டீஸ் வரும்.

பழுதுபார்ப்புக்குக் கார்னே உதவாது. தற்காலிக ஏற்றுமதி என்று அறிவித்து, தொடர் எண்ணை எல்லாத் தாளிலும் எழுதி, முடிந்தால் அதிகாரியின் முன் எண்ணைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். திரும்பும்போது அதே எந்திரம் என்று நிரூபிக்க அந்த எண் ஒன்றே கைகொடுக்கும்.

சரக்கு மாட்டிக்கொண்டது. என்ன செய்வது?

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்: தாள் பிழையா, மதிப்புச் சந்தேகமா, சோதனைக்கான தேர்வா, அனுமதி இல்லையா? ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. தாள் பிழை என்றால் திருத்த விண்ணப்பம். சரக்கு கிளம்புமுன் திருத்துவது சுலபம், பிறகு ஒவ்வொரு தாளையும் மாற்ற வேண்டியிருக்கும். அவசரத்தில் இன்வாய்ஸை மட்டும் திருத்தி அனுப்புவது புதிய முரண்பாட்டை உண்டாக்கும்.

இதற்கிடையே இரண்டு மீட்டர் ஓடும். துறைமுக வளாகத்தில் கன்டெய்னர் இலவச நாளைத் தாண்டி நின்றால் டெமரேஜ். வளாகத்துக்கு வெளியே கொண்டுபோன கன்டெய்னரைக் காலத்தில் திருப்பாவிட்டால் டிடென்ஷன். வாங்குபவர் சரக்கை எடுக்கவே மறுத்தால் கப்பல் நிறுவனம் கடைசியில் அனுப்பியவரிடமே வரும். ஆகவே இலவச நாள் எத்தனை என்பதை புக்கிங் செய்யும்போதே கேட்டு, 14 நாள் கிடைக்குமா என்று பேரம் பேசுங்கள்.

தாள்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

அமெரிக்க விதி 5 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியச் சுங்கச் சட்டம் குறைந்தது 3 ஆண்டு. உங்கள் நாட்டு வரிச் சட்டம் இதைவிட நீளமாகக் கேட்கலாம். ஒரு சரக்குக்கு ஒரு கோப்பு: ஆர்டர், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஏற்றுமதி அறிவிப்பு, பில் ஆஃப் லேடிங், சான்றிதழ்கள், பணம் வந்த வங்கிச் சான்று. கன்டெய்னர் கதவைச் சாத்துமுன் எடுத்த படம், சீல் எண் தெளிவாகத் தெரியும் படம் இரண்டையும் அதே கோப்பில் போடுங்கள். பெட்டி குறைகிறது என்று புகார் வரும் நாளில் முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.